சதர்ன் சோல்: கேக்காம விட்டுப்போன பாட்டுங்களை தொகுப்பு ஆல்பம் வழியா பிடிக்கிறது எப்படி? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

என் பிளேலிஸ்ட்டைப் பாத்துட்டு, யாருக்கும் தெரியாத இந்த சதர்ன் சோல் பாட்டெல்லாம் எங்க பிடிச்சேன்னு ஆளாளுக்கு அதே கேள்வியைத்தான் கேக்குறாங்க, ஒவ்வொருத்தருக்கும் தனியா வாய்ஸ் நோட் அனுப்பி அனுப்பி தொண்டை வறண்டு போச்சு. அதனால மொத்தமா இங்க எழுதி வெச்சிடுறேன். நான் மியூசிக் படிச்ச ஆள் இல்ல, கேட்டுக் கேட்டு பைத்தியம் பிடிச்ச ஆள், அந்த அளவுக்கு எடுத்துக்கோங்க.

சதர்ன் சோல்னா என்ன? சுருக்கமா சொல்லுங்க.

அமெரிக்காவோட தெற்கு மாநிலங்கள்ல, அதாவது டென்னசி, அலபாமா, மிசிசிப்பி, லூசியானா, ஜார்ஜியா இந்தப் பக்கமெல்லாம், சுமாரா 1960லேர்ந்து 1975 வரைக்கும் ரெக்கார்ட் ஆன கறுப்பர் இசை. பாடினவங்க முக்காவாசிப் பேர் சர்ச்ல கோஸ்பல் பாடி வளந்தவங்க. அதே குரல், அதே கதறல், சாமி இருந்த இடத்துல காதலியையோ அடுத்தவன் பொண்டாட்டியையோ கொண்டுவந்து வெச்சுட்டாங்க. பின்னாடி ஆர்கன், ரெண்டு மூணு ஹார்ன், அளவா ஒரு கிடார், கொஞ்சம் பிந்தி விழுற டிரம்ஸ். அதே சமயத்துல வடக்க டெட்ராய்ட்ல மோடவுன் லேபிள்காரங்க பாட்டை இஸ்திரி போட்டு மடிச்சுக் கொடுத்தாங்க. இவங்க கசங்கின சட்டையோடவே வந்து நின்னாங்க.

இன்னொண்ணு, பாடினவங்க கறுப்பர்னாலும் பின்னாடி வாசிச்சவங்க, பாட்டு எழுதினவங்கள்ல பாதிப் பேர் வெள்ளைக்காரங்க. வெளிய ஒரே ஓட்டல்ல சேந்து உக்காந்து சாப்பிட முடியாத காலத்துல ஸ்டுடியோ கதவை மூடிட்டு உள்ள ஒண்ணா வேலை பாத்திருக்காங்க. மெம்ஃபிஸ்ல லொரெய்ன் மோட்டல்னு ஒண்ணு, ஸ்டாக்ஸ்ங்குற அந்த ஊர் ரெக்கார்ட் கம்பெனி ஆளுங்க ரெண்டு நிறத்துக்காரங்களும் சேந்து தங்கி பாட்டு எழுதுற இடம், எடி ஃப்ளாயிடும் ஸ்டீவ் கிராப்பரும் 'நாக் ஆன் வுட்' எழுதினது அங்கதான். 1968 ஏப்ரல் 4 மார்ட்டின் லூதர் கிங்கை சுட்டுக் கொன்னது அதே மோட்டல்ல.

ஓடிஸ் ரெடிங், அரேதா ஃப்ராங்க்ளின், அல் கிரீன் எல்லாம் தெரியும். அதுக்கு மேல என்ன விட்டுப்போச்சு?

நிறைய. 'தட்ஸ் ஹவ் ஸ்ட்ராங் மை லவ் இஸ்' பாட்டு தெரியும்ல, ஓடிஸ் 1965ல பாடினது, ரோலிங் ஸ்டோன்ஸும் பாடியிருக்காங்க. அதை எழுதினவர் ரூஸ்வெல்ட் ஜேமிசன், மெம்ஃபிஸ்ல ஒரு பிளட் பேங்க்ல வேலை. வேலை நேரம் போக அங்கயே பின் ரூம்ல பசங்களை உக்கார வெச்சு பாடவெச்சுப் பழக்குவாராம். அந்தப் பசங்கள்ல ரெண்டு பேர் ஓ.வி. ரைட், ஜேம்ஸ் கார். ஒரு நாள் நடுராத்திரி அவங்களையும் ஒரு டேப் ரெக்கார்டரையும் தூக்கிட்டு கோல்ட்வாக்ஸ் லேபிள் நடத்தின குவின்டன் கிளாஞ்ச் வீட்டுக் கதவைத் தட்டிட்டார். எல்லாரும் ஹால்ல தரையில உக்காந்து டேப் கேட்டிருக்காங்க. 1964ல ஓ.வி. ரைட் பாடி கோல்ட்வாக்ஸ்ல அந்தப் பாட்டு வந்துச்சு. ஆனா ரைட் அதுக்கு முன்னாடியே டான் ரோபின்னு ஹூஸ்டன் முதலாளி ஒருத்தர்கிட்ட கோஸ்பலுக்காக கையெழுத்து போட்டிருந்தார், ரோபி காண்ட்ராக்ட்டை நீட்டி ஆளைத் தூக்கிட்டார், ஓடிஸ் வெர்ஷன் வந்து மீதியையும் அமுக்கிடுச்சு. ரைட்டோட பாட்டைக் கேட்டீங்கன்னா யாரு யாரைப் பாத்துப் பாடினாங்கன்னு நீங்களே சொல்லிடுவீங்க. அவர் 1980ல, 41 வயசுல, மாரடைப்புல போயிட்டார்.

இந்த மாதிரி ஒண்ணில்ல ரெண்டில்ல. அப்ப வியாபாரமே ரெண்டு பக்கம் ரெண்டு பாட்டுன்னு 45 சுத்து சிங்கிள்தான். சின்ன லேபிள்காரன் கொஞ்சம் அடிச்சு கார் டிக்கில போட்டுக்கிட்டு ரேடியோ ஸ்டேஷன் ஸ்டேஷனா போவான். அந்த ஊர் டிஜே போட்டா அந்த ஊர்ல ஹிட், அடுத்த ஊர்ல யாருக்கும் தெரியாது. ஹிட்டானாலும் சிக்கல், கடைக்காரன் இன்னும் ஆயிரம் கேப்பான், அடிக்க காசு வேணும், முன்ன எடுத்துட்டுப் போனவன் பணம் தரமாட்டான். ஆல்பம் போடுற அளவுக்கு யாரும் நிலைச்சு நிக்கல, ஆல்பம் இல்லாதவன் பேரு பின்னாடி எந்த புத்தகத்துலயும் வரல. குரலுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

அதுக்கு ஏன் தொகுப்பு ஆல்பம்? தனித்தனியா தேடிக் கேட்டா ஆகாதா?

பேரு தெரிஞ்சாத்தானே தேடுவீங்க! ஒரு ஆள் மொத்த வாழ்க்கையில நாலு சிங்கிள் போட்டிருப்பார், அதுல ஒண்ணுதான் தேறும், அதுவும் பி சைடுல இருக்கும். அதைக் கண்டுபிடிக்க மத்த மூணையும் எவனோ ஒருத்தன் கேட்டிருக்கணும், பழைய ரெக்கார்ட் கடையில தூசியைத் தும்மிக்கிட்டு உக்காந்து. அந்த ஆளுக்குத்தான் நாம காசு குடுக்குறோம். நம்ம ஊர்ல ரெக்கார்டிங் சென்டர்ல பேப்பர்ல லிஸ்ட் எழுதிக் குடுத்து 90 நிமிஷ கேசட் பதிஞ்சு வாங்கினவங்களுக்கு இது புரியும், கடைக்கார அண்ணன் கடைசியில மிச்சம் இருக்குற டேப்ல அவர் இஷ்டத்துக்கு ஒரு பாட்டைப் போட்டு விடுவார், பல சமயம் அந்தப் பாட்டுதான் மனசுல நிக்கும்.

இன்னொரு காரணம் புக்லெட். லண்டன்ல ஏஸ் ரெக்கார்ட்ஸ், அவங்களோட கென்ட் லேபிள் (1982லேர்ந்து சோல் மட்டுமே போடுறாங்க), இவங்க சிடிக்குள்ள வர்ற புக்லெட்டைப் பிரிச்சா ஒவ்வொரு பாட்டுக்கும் எந்த வருஷம், எந்த ஸ்டுடியோ, யாரு எழுதினது, ஒரிஜினல் லேபிள் போட்டோ எல்லாம் எறும்பு சைஸ் எழுத்துல இருக்கும். நான் போன் டார்ச் அடிச்சுத்தான் படிப்பேன். ஒரு தடவை ஆன்லைன்ல ஒருத்தர்கிட்ட பழைய சிடி ஒண்ணு வாங்கினேன், புக்லெட் இல்லாம வெறும் தட்டை மட்டும் அனுப்பிட்டார், கேட்டதுக்கு "பாட்டு ஓடுதுல்ல?"ன்னார். பாட்டு ஓடுது, பாடுறது யாருன்னுதான் தெரியல.

எதுல ஆரம்பிக்கிறது?

கோல்ட்வாக்ஸ்ல ஆரம்பிங்க. சின்ன லேபிள், 1964ல மெம்ஃபிஸ்ல கிளாஞ்சும் ரூடால்ஃப் ரஸ்ஸல்னு ஒரு மருந்துக்கடைக்காரரும் (அதனால எல்லாருக்கும் அவர் 'டாக்') சேந்து ஆரம்பிச்சது, அந்தப் பத்து வருஷம் முடியறதுக்குள்ளயே நொடிச்சுப் போச்சு. ஏஸ் இதோட மொத்த சிங்கிள்ஸையும் மூணு வால்யூமா போட்டிருக்காங்க. மொத்தமும் எல்லாருக்கும் வேண்டியதில்ல, முதல் பாதியில தள்ளிவிட வேண்டிய பாட்டும் உண்டு. ஜேம்ஸ் கார் தனி தொகுப்பு ஒண்ணு, அதே லேபிள்ல பாடின ஸ்பென்சர் விக்கின்ஸ் தனி தொகுப்பு ஒண்ணு, இது ரெண்டு போதும் ஒரு மாசத்துக்கு.

ஜேம்ஸ் கார், ஜேம்ஸ் கார்னு எல்லாரும் சொல்றாங்களே, அப்படி என்ன?

'த டார்க் எண்ட் ஆஃப் த ஸ்ட்ரீட்'. 1967. ரெண்டரை நிமிஷம் சொச்சம்.

பாட்டு பொறந்த கதை முதல்ல. 1966ல நாஷ்வில்ல டிஜேக்கள் மாநாடு, பாட்டு எழுதுற டான் பென்னும் சிப்ஸ் மோமனும் ஓட்டல் ரூம்ல சீட்டாடிக்கிட்டு இருக்காங்க. நடுவுல ஒரு பாட்டு எழுதலாம்னு தோணுது, இடம் இல்ல. கிளாஞ்ச் தன்னோட ரூமைத் தரேன், ஆனா எழுதுறது ஜேம்ஸ் காருக்குத்தான் வரணும்னு கண்டிஷன் போட்டு சாவியைக் குடுக்குறார். அரை மணி நேரத்துல முடிச்சுட்டு திரும்ப சீட்டாட வந்துட்டாங்க. மோமனோட சொந்த ஸ்டுடியோல மெஷின் ரிப்பேர், அதனால மெம்ஃபிஸ்ல ராயல் ஸ்டுடியோவுல ரெக்கார்ட் பண்ணினாங்க, பின்னாடி அல் கிரீன் பாட்டெல்லாம் பண்ணின அதே இடம், பழைய சினிமா தியேட்டர்.

இப்ப பாட்டு. ஊருக்குத் தெரியாம சந்திக்கிற ரெண்டு பேர், தெரு முனையில இருட்டுல. கிடார் தண்ணி மேல வெளிச்சம் நடுங்குற மாதிரி ஆரம்பிக்கும், குரல் ரொம்பக் கீழ, பக்கத்துல யாரோ தூங்குறாங்க எழுப்பிடக்கூடாதுங்குற மாதிரி வரும். இது தப்பு, ஒருநாள் மாட்டுவோம்னு அவனுக்கே தெரியும். பகல்ல எங்கயாச்சும் எதிர்ல பாத்தா கண்டுக்காம போயிடு, அழுதுடாதன்னு சொல்ற இடம் வரும் பாருங்க, அங்க குரலை ஏத்துவார்னு நாம எதிர்பாப்போம், ஒரு ஒத்தைச் சொல்லை மட்டும் ஏத்திட்டு உடனே அடக்கிடுவார். அடக்குறதுதான் பாட்டே. இந்தப் பாட்டை அப்புறம் எத்தனையோ பேர் பாடிட்டாங்க, அழகாவும் பாடியிருக்காங்க, ஆனா அவங்க யாரும் மாட்டிக்கப் போறோம்னு நிஜமா பயப்படுறதில்ல.

அமெரிக்க ஆர் அண்ட் பி சார்ட்ல (கறுப்பர் இசைக்கான தனி ஹிட் பட்டியல்) 10ஆவது இடம், பாப் சார்ட்ல 77. அவ்வளவுதான் அதுக்கு கிடைச்சது. ஜேம்ஸ் காருக்கு மனநோய் இருந்துச்சு, 1969ல கோல்ட்வாக்ஸ் கடைசி செஷன்ல மைக் முன்னாடி வெறிச்சுப் பாத்துக்கிட்டே மணிக்கணக்கா உக்காந்திருந்தாராம். 1979ல ஜப்பானுக்கு கூட்டிட்டுப் போனாங்க, அங்கயும் மேடையில உறைஞ்சு நின்னுட்டார். ஜப்பான் ஏன்னு கேப்பீங்க: அமெரிக்காக்காரங்க மறந்த கோல்ட்வாக்ஸ் பாட்டுங்களை தேடித்தேடி ரெக்கார்டா திரும்பப் போட்டவங்கள்ல ஜப்பான்காரங்க முன்னோடி. ஜேம்ஸ் காரை மறக்காத ரசிகர் கூட்டம் இருந்தது மெம்ஃபிஸ்லேர்ந்து பாதி உலகம் தள்ளி. 2001ல இறந்துட்டார்.

'டீப் சோல்', 'நார்தர்ன் சோல்'னு வேற சொல்லிக் குழப்புறாங்களே?

ரெண்டு பேரையும் பரப்பினது ஒரே ஆள், டேவ் காடின், இங்கிலாந்துக்காரர். லண்டன்ல சோல் சிட்டின்னு ரெக்கார்ட் கடை வெச்சிருந்தார். கால்பந்து பாக்க வடக்கு இங்கிலாந்துலேர்ந்து வர்ற பசங்க கடைக்கு வந்து புதுசெல்லாம் வேணாம், பழைய வேகமான டான்ஸ் பாட்டா குடுன்னு கேப்பாங்களாம், அவங்களுக்கு எடுத்து வைக்கிற ரெக்கார்டுக்கு அடையாளமா 'நார்தர்ன் சோல்'னு பேர் வெச்சார். அதாவது அந்த வடக்கு இங்கிலாந்தோட வடக்கு, அமெரிக்காவோட வடக்கு இல்ல. இதுல தடுமாறாத ஆளே கிடையாது, நானும் ரெண்டு வருஷம் தப்பாத்தான் சொல்லிக்கிட்டு திரிஞ்சேன்.

டீப் சோல்ங்கிறது அதுக்கு நேர் எதிர். ஆட முடியாது, மெதுவா நெஞ்சைப் பிசையுற பாட்டு. காடின் 1997ல கென்ட் லேபிளுக்காக 'டீப் சோல் ட்ரெஷர்ஸ்'னு முதல் வால்யூம் போட்டார், 2004ல நாலாவது வந்துச்சு, அதே வருஷம் அவரும் போயிட்டார். இதுல தெற்கு மட்டும் இல்ல, நியூயார்க், சிகாகோ பாட்டும் கலந்திருக்கும், அவருக்கு ஊர் கணக்கில்ல, அழுகைதான் கணக்கு. ஒரு எச்சரிக்கை, முழு சிடியையும் ஒரே மூச்சுல கேக்காதீங்க. எல்லாமே உச்சத்துல இருக்கும், எட்டாவது பாட்டுக்கு மேல மனசு மரத்துப் போயிடும். தினம் ராத்திரி மூணு போதும்.

பாடகர் பேர் நிறைய, ஞாபகமே நிக்கல. ஏதாவது வழி இருக்கா?

பாடகரை விட்ருங்க. நம்ம சினிமா பாட்டை எப்படித் தேடுவோம்? மியூசிக் டைரக்டர் பேரை வெச்சுத்தானே. அதே பழக்கத்தை இங்கயும் கொண்டு வாங்க: ஸ்டுடியோ, பாட்டு எழுதினவர், ப்ரொடியூசர். இந்த மூணுல ஒண்ணு பிடிச்சுப் போச்சுன்னா நூலைப் பிடிச்சுக்கிட்டே போயிடலாம்.

உதாரணத்துக்கு ஜார்ஜ் ஜாக்சன். மிசிசிப்பிக்காரர். இவரே நல்லா பாடுவார், ஆனா உலகத்துக்கு இவர் எழுத்தாளர்தான். ஆஸ்மண்ட்ஸ் பாடின 'ஒன் பேட் ஆப்பிள்' இவர் எழுதினது, பாப் சீகர் பாடின 'ஓல்ட் டைம் ராக் அண்ட் ரோல்' பாதி இவரோடது. மஸில் ஷோல்ஸ்ல ஃபேம் ஸ்டுடியோவுல உக்காந்து மத்தவங்களுக்காக டெமோ டெமோவா (மாதிரிக்குப் பாடிக் காட்டுற டேப்) பாடித் தள்ளியிருக்கார், அது 40 வருஷம் அலமாரியில கிடந்து 2011லதான் கென்ட் மூலமா தனி சிடியா வந்துச்சு. டெமோன்னா கரடுமுரடா இருக்கும்னு நெனச்சீங்கன்னா இல்ல, சில பாட்டு ஹிட்டான வெர்ஷனை விட நல்லா இருக்கு.

ஃபேம்னு சொன்னதும் ஞாபகம் வருது, அதே 2011ல அந்த ஸ்டுடியோவோட 1961லேர்ந்து 1973 வரைக்கும் கதையை மூணு சிடி பெட்டியாவும் போட்டாங்க. அலபாமாவுல ஒரு சின்ன ஊர், நடத்தினவர் ரிக் ஹால், பிடிவாதக்காரர், ஒரு டேக் சரியா வரணும்னா ராத்திரி பூரா வாங்குவார். ஆர்தர் அலெக்சாண்டர், ஜிம்மி ஹியூஸ்ல ஆரம்பிச்சு வரிசையா கேட்டீங்கன்னா ஒரே ரூம்ல டிரம்ஸ் சத்தம் வருஷா வருஷம் எப்படி கனமாகுதுன்னு காதுக்கே தெரியும். பாடகர் வாரியா கேட்டா இது பிடிபடாது.

ஸ்டாக்ஸ்லயும் இதே மாதிரி ஒரு புதையல். 2023ல வந்த 'ரிட்டன் இன் தேர் சோல்', ஏழு சிடி, 146 பாட்டு, எல்லாம் பாட்டு எழுதினவங்க பாடி வெச்ச டெமோ. ஷெரில் பவெல்ஸ்கின்னு ஒரு ப்ரொடியூசர் பல வருஷமா பாட்டு உரிமையைப் பாத்துக்குற பப்ளிஷிங் கம்பெனி டேப்புகளைக் கிளறி எடுத்தது, அடுத்த வருஷம் கிராமி வாங்குச்சு. ஆனா புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு இது வேணாம், ஒரிஜினல் பாட்டு தெரிஞ்சாத்தான் டெமோவோட ருசி தெரியும்.

பெண் பாடகிகள் பத்தி ஒண்ணுமே சொல்லலையே?

வர்றேன். கேண்டி ஸ்டேட்டன். 1976ல 'யங் ஹார்ட்ஸ் ரன் ஃப்ரீ'ன்னு டிஸ்கோ ஹிட், அதோட எல்லாரும் அவங்களை டிஸ்கோ பெட்டியில போட்டு மூடிட்டாங்க, அவங்களும் எண்பதுகள்ல கோஸ்பல் பக்கம் போயிட்டாங்க. ஆனா அதுக்கு முன்னாடி 1969லேர்ந்து ஃபேம்ல பாடின சோல் பாட்டுங்க இருந்துச்சு பாருங்க, அதுல பாதியை யாரும் சீந்தல. 2003 வாக்குல லண்டன்ல ஹானஸ்ட் ஜான்ஸ்னு ஒரு ரெக்கார்ட் கடை நடத்துற லேபிள் அதையெல்லாம் ஒரே சிடியில போட்டாங்க. விமர்சகர்கள் தலையில தூக்கி வெச்சு ஆடினாங்க, அந்த சூட்டுல 2006ல 'ஹிஸ் ஹேண்ட்ஸ்'னு புது ஆல்பமே போட்டாங்க, மறுபடி மேடை ஏறினாங்க. ஒரு தொகுப்பு ஆல்பம் ஒரு மனுஷியோட வேலையையே திருப்பிக் குடுத்துச்சு. அந்தக் குரல்ல ஒரு கிழிசல் இருக்கும், சரியா அழுகை வர்ற எல்லையில நிக்கும், தாண்டாது.

அடுத்தது டோரிஸ் டியூக். ஜெர்ரி வில்லியம்ஸ், அதாவது ஸ்வாம்ப் டாக்னு கோமாளித்தனமா பேர் வெச்சுக்கிட்டவர், 1970ல ஜார்ஜியாவுல மேக்கன் ஊர்ல ஸ்டுடியோ எடுத்து இவங்களை வெச்சு 'ஐம் எ லூசர்'னு ஒரு ஆல்பம் பண்ணினார். போட்ட கம்பெனி கொஞ்ச நாள்ல காலி, ஆல்பமும் அதோட முங்கிடுச்சு. அதையும் கென்ட் பின்னாடி கூடுதல் பாட்டுங்களோட போட்டிருக்காங்க. நான் ஒரே ஒரு சிடிதான் வாங்குவேன்னு அடம் பிடிக்கிறவங்களுக்கு இதைத்தான் சொல்வேன், என் நண்பர்களுக்கு இதுல உடன்பாடு இல்ல, இருக்கட்டும்.

ஜாக்கி ஷேனையும் விடக்கூடாது. நாஷ்வில்ல பொறந்த திருநங்கை, கனடாவுக்குப் போய் டொரண்டோ கிளப்புங்கள்ல அறுபதுகள்ல கலக்கினவங்க. எழுபதுகளோட ஆரம்பத்துல திடீர்னு காணாமப் போயிட்டாங்க, இருக்காங்களா இல்லையான்னே தெரியாம இருந்துச்சு. 2017ல சிகாகோ நியூமரோ குரூப் லேபிள் அவங்க சம்மதத்தோட 'எனி அதர் வே'ன்னு ரெட்டை ஆல்பம் போட்டாங்க, கிராமி பரிந்துரை வரைக்கும் போச்சு. 2019ல இறந்தாங்க. பாட்டுக்கு நடுவுல கூட்டத்தைப் பாத்து அவங்க பேசுற பேச்சுக்காகவே கேக்கலாம்.

நாஷ்வில்னா கண்ட்ரி மியூசிக் ஊராச்சே?

எல்லாரும் அப்படித்தான் நெனச்சாங்க. 2004ல அந்த ஊர் கண்ட்ரி மியூசிக் மியூசியமே 'நைட் ட்ரெயின் டு நாஷ்வில்'னு ஒரு கண்காட்சி வெச்சு, கூடவே ரெட்டை சிடியும் போட்டு, எங்க ஊர்ல இதுவும் இருந்துச்சுன்னு ஒத்துக்கிட்டாங்க. அதுக்கும் கிராமி. ஜெஃபர்சன் தெருவுல வரிசையா கறுப்பர் கிளப்புங்க இருந்துச்சு, ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் எல்லாம் ஆரம்ப காலத்துல அங்க வாசிச்சவர், அப்புறம் ஹைவே போடுறோம்னு அந்தப் பகுதியையே ரெண்டா கிழிச்சுட்டாங்க.

அந்த ஊர் டபிள்யூஎல்ஏசி ரேடியோ 50,000 வாட், ராத்திரியானா பாதி அமெரிக்காவுக்கு எடுக்கும். அதுல ஜான் ரிச்பர்க்னு டிஜே, 'ஜான் ஆர்', குரலைக் கேட்டு கறுப்பர்னே பல பேர் நெனச்சிருக்காங்க, ஆனா வெள்ளைக்காரர். பாட்டு போட்டுட்டு நடுவுல தபால்ல ரெக்கார்ட் வாங்கச் சொல்லி ரெக்கார்ட் கடைகளோட விளம்பரம் படிப்பார், ஒரே பொட்டலத்துல அஞ்சாறு ரெக்கார்ட். கிராமத்துல கடையே இல்லாத ஜனங்களுக்கு சோல் போய்ச் சேந்தது இந்தத் தபால் பொட்டலம் வழியாத்தான். அதுவும் ஒரு வகையில தொகுப்பு ஆல்பம்தானே!

ரொம்ப சின்ன ஊர் லேபிள்ங்க தொகுப்பு எல்லாம் தேறுமா?

தேறும், தேறாது. 'அரிய பாட்டு'ங்குற ஸ்டிக்கரைப் பாத்து ஏமாறாதீங்க. அரிதா இருக்குறது நல்லா இருந்தே ஆகணும்னு சட்டம் இல்ல, சில பாட்டு தொலைஞ்சு போனதே நியாயமாத்தான் தொலைஞ்சிருக்கு. ஆனா லூசியானாவுல ஷ்ரீவ்போர்ட் ஊர் மர்கோ லேபிள் தொகுப்பு (கென்ட், 2000) கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம், எடி ஜைல்ஸ், ரூபன் பெல் ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் மிஞ்சியிருப்பாங்க. அலபாமாவுல பர்மிங்ஹாம் பக்கம் நீல் ஹெம்ஃபில்னு ஒருத்தர், தொழில்ல பிளம்பர், ஸ்டுடியோ வெச்சு நடத்தினார், அதுக்கும் 2006ல ஒரு தொகுப்பு வந்துச்சு. மயாமியில டீப் சிட்டி லேபிளை நடத்தினவங்க ரெண்டு பேரு, வில்லி கிளார்க்கும் ஜானி பியர்சாலும், ஒரே யுனிவர்சிட்டியில படிச்சவங்க. அந்த யுனிவர்சிட்டி மார்ச்சிங் பேண்ட் சத்தம் அப்படியே பாட்டுல ஹார்ன்ல கேக்கும். பாடகி பெட்டி ரைட் பன்னண்டு பதிமூணு வயசுல சோல் பாட்டு ரெக்கார்ட் பண்ண ஆரம்பிச்சது அங்கதான். இது நியூமரோவோட 'எக்சென்ட்ரிக் சோல்' வரிசையில இருக்கு. அந்த வரிசை முழுக்க தெற்கு இல்ல, முதல் ஆல்பமே ஒஹையோ, அதனால எந்த ஊர்னு பாத்து வாங்குங்க.

சத்தம் சில பாட்டுல கரகரன்னு இருக்கே, சிடி கெட்டுப்போச்சா?

இல்ல. மாஸ்டர் டேப் (ஸ்டுடியோல பதிஞ்ச மூல டேப்) காணாமப் போயிருக்கும், யாரோ சேகரிச்சு வெச்சிருந்த 45 ரெக்கார்ட்லேர்ந்து எடுத்திருப்பாங்க. அந்தக் கரகரப்பு போகணும்னு ரொம்ப சுத்தம் பண்ணினா ஹார்ன் சத்தமும் சேந்து செத்துடும், விட்டுட்டதே நல்லது. அப்புறம் மோனோவை (ரெண்டு ஸ்பீக்கர்லயும் ஒரே சத்தம் வர்ற பழைய பதிவு) மோனோவாவே கேளுங்க.

ஸ்ட்ரீமிங்ல கிடைக்காதா? எதுக்கு சிடி?

பாதி கிடைக்கும். ஆனா ஒரு பொறி இருக்கு. பழைய பாடகர்கள் பல பேர் பின்னாடி காசுக்காக அவங்க ஹிட்டையே திரும்பப் பாடி வெச்சிருக்காங்க, அதுதான் தேடினா முதல்ல வந்து நிக்கும். பெர்சி ஸ்லெட்ஜோட 'வென் எ மேன் லவ்ஸ் எ வுமன்' தேடிப் பாருங்க, பளபளன்னு சிந்தசைசர் வெச்சு ஒண்ணு வரும், அதைக் கேட்டுட்டு இதுக்கா இவ்வளவு பில்டப்னு என்கிட்ட சண்டைக்கு வந்தவங்க உண்டு. ஒரிஜினல் 1966, அட்லாண்டிக் லேபிள். அதைக் கண்டுபிடிக்க சுலபமான வழி, கடைசியில ஹார்ன் சுருதி லேசா பிசகும். கம்பெனிக்காரங்க அதைக் கேட்டுட்டு ஹார்னை திரும்ப எடுக்கச் சொல்லி, இவங்களும் எடுத்துக் குடுத்து, கடைசியில வெளிய போனது என்னவோ பழைய டேப்தான்னு சொல்வாங்க. சுருதி சுத்தமா இருந்தா அது டூப்பு.

நாம குடுக்குற காசு பாடினவங்களுக்குப் போகுதா?

நேரடியா போறது கம்மி. தொகுப்பு போடுற கம்பெனி, மாஸ்டர் யாருகிட்ட இருக்கோ அவங்களுக்கு லைசென்ஸ் காசு குடுக்கும். எழுதினவருக்கு பப்ளிஷிங் வழியா வரும். பாடகர் பங்கு அந்தக் காலத்துல போட்ட காண்ட்ராக்ட்டைப் பொறுத்தது, பல பேர் என்னத்தை கையெழுத்து போட்டோம்னு தெரியாமலே போட்டவங்க. மிசிசிப்பியில பொறந்த சில் ஜான்சன் மாதிரி சிலர் ராப்காரங்க தன் பாட்டை வெட்டி ஒட்டினதுக்கு கேஸ் போட்டு வாங்கினாங்க. பழைய ஆளுங்களைத் தேடிப் போய் முறையா கணக்கு பாத்து போடுற லேபிளா பாத்து வாங்குறது நம்மால ஆனது. டிக்கட் விலைக்கு நூறு பாட்டுன்னு எந்தத் தகவலும் அச்சிடாம வர்ற மலிவு சிடியைத் தொடாதீங்க.

எல்லாமே ஒப்பாரியாத்தான் இருக்குமா? வீட்ல போட்டா திட்டுறாங்க.

அய்யோ இல்ல. மிசிசிப்பி மலாக்கோ ஸ்டுடியோவுல 1970ல நடந்ததைக் கேளுங்க. நியூ ஆர்லியன்ஸ்லேர்ந்து வார்டெல் கெசர்க்னு அரேஞ்சர் ஒரு ஸ்கூல் பஸ்ஸைப் பிடிச்சு பாடகர்களை ஏத்திக்கிட்டு ஜாக்சன் ஊருக்கு வந்து, ஒரே நாள்ல கிங் ஃப்ளாயிடோட 'க்ரூவ் மீ', ஜீன் நைட்டோட 'மிஸ்டர் பிக் ஸ்டஃப்' ரெண்டையும் முடிச்சுட்டுப் போனார். பெரிய கம்பெனிங்க முதல்ல வேணாம்னு தள்ளின பாட்டுங்க, அடுத்த வருஷம் 'மிஸ்டர் பிக் ஸ்டஃப்' ஆர் அண்ட் பி சார்ட்ல முதல் இடம். அதை வீட்ல போடுங்க, சமையல்கட்டுலேர்ந்து தலை எட்டிப் பாக்கும்.

அப்புறம் கிளாரன்ஸ் கார்ட்டர். கண்ணு தெரியாதவர், அலபாமாக்காரர், கேண்டி ஸ்டேட்டனோட வீட்டுக்காரரா கொஞ்ச காலம் இருந்தவர். இவர் 1969ல அதே 'டார்க் எண்ட் ஆஃப் த ஸ்ட்ரீட்'டை எடுத்துக்கிட்டு, பாடாம, சர்ச் பாதிரியார் மாதிரி பிரசங்கம் பண்ண ஆரம்பிப்பார்: மாடு எப்படி காதல் பண்ணுது, குதிரை எப்படிப் பண்ணுது, கொசு கூட பண்ணுதேன்னு, நடுநடுவுல தானே கெக்கெக்கேன்னு சிரிச்சுக்கிட்டு. ஜேம்ஸ் கார் உசுரை விட்டுப் பாடின பாட்டை இப்படிக் கிண்டல் பண்றாரேன்னு கோவம் வரும். மூணு நிமிஷத்துக்கு மேல இதே கூத்து. அப்புறம் பேச்சு நிக்கும், கடைசி முக்கால் நிமிஷம் மட்டும் பாடுவார்.